வேலியில்லாக் கருவி

2018-ஆம் ஆண்டு மே திங்களில், அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்திலே, மின்சிகரெட் வெடித்து ஒருவர் மாண்டார். வயது 38. விதி என்று சொல்வாருண்டு. நாம் விதியை நம்புவதில்லை, கணக்குப் பார்க்கிறோம்!

மின்சிகரெட்டிலே ‘மெக்கானிக்கல்’ என்றொரு வகை. உலோகக் குழாய், பாட்டரி, பொத்தான், கம்பிச்சுருள் — இவ்வளவே. ஆபத்து நேர்ந்தால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் ஏற்பாடு அதில் இல்லை. முழுதும் மின்னேற்றிய லித்தியம் பாட்டரி 4.2 வோல்ட். சுருளின் தடை 0.2 ஓம் என்றால் பாய்வது 21 ஆம்பியர், 0.1 ஓம் என்றாலோ 42! இருபது ஆம்பியர் தாங்கும் பாட்டரி என்ன செய்யும்? கொதிக்கும், வெடிக்கவும் கூடும்.

சுருளின் தடையை அளந்து பார். உறை கிழிந்த பாட்டரியை ஒதுக்கு. சாவியோடும் சில்லறையோடும் பாட்டரியைப் பையில் போடாதே. வாயு வெளியேறும் துளையை அடைக்காதே என்று விவரம் அறிந்தோர் கூறுவர். நன்று! ஆனால் இத்தனையும் புதிதாக வாங்குபவனுக்குத் தெரியுமா? விற்பவன்தான் சொல்லித் தருவானா? காசு அவனுக்கு, காயம் இவனுக்கு — இதுவா நீதி?

ஆலையிலே சுழலும் சக்கரத்துக்கு வேலி வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. விரலுக்கு வேலி கேட்ட தொழிலாளி, வாயருகே வேலியில்லாக் கருவியை வைக்கலாமா?

2019-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் மின்சிகரெட் விற்பனையையே தடை செய்துவிட்டது. ஆகவே, கள்ளத்தனமாக எவன் நீட்டினாலும் தோழர்களே, கையை நீட்டாதீர்! புதியவருக்கு நாம் கூறும் முதற் பாதுகாப்பு அதுவே.