தடை முத்திரை

சீன நாவல்களோட ஆங்கிலப் பதிப்பு வாங்குறவங்க கவனிச்சிருப்பீங்க. அட்டையிலயே 'சீனாவில் தடை செய்யப்பட்டது'ன்னு கொட்டை எழுத்துல போட்டு விக்கிறாங்க. யான் லியன்கேவோட 'மக்களுக்குச் சேவை செய்' 2005-ல ஒரு பத்திரிகையில வந்து, உடனே தடையாச்சு. நல்ல நாவல்தான், மறுக்கல. ஆனா வாங் அன்யியோட 'முடிவில்லாத் துயரப் பாடல்'? ஷாங்காய் சந்துல பிறந்த ஒருத்தியோட நாற்பது வருஷக் கதை. 2000-ல மாவோ துன் பரிசு வாங்கியும், ஆங்கிலத்துக்கு வர 2008 ஆச்சு. முத்திரை குத்த வழியில்லையே! (நானும் முத்திரையை நம்பி வாங்கி, பாதியில தூக்கிப் போட்டவன்தான்.)

அதனாலதான் சீனப் புத்தகங்களுக்குன்னே இணைய இதழ் வேணும்ங்கறேன். 2007-ல பெய்ஜிங்ல மொழிபெயர்ப்பாளர்கள் தொடங்கின 'பேப்பர் ரிபப்ளிக்', 2015-லேர்ந்து ஒரு வருஷம் வாராவாரம் ஒரு சீனப் படைப்பை இலவசமாவே போட்டுச்சு. பதிப்பாளர் எவனும் செய்யாத வேலை.

ஒரு சங்கடம் இருக்கு. சீனம் தெரிஞ்ச விமர்சகர்கள் கொஞ்சப் பேர்தான். அவங்கள்ல பாதிப்பேர் மொழிபெயர்ப்பாளர்கள், ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். நண்பரோட புத்தகத்தைத் திட்ட யாருக்கு மனசு வரும்? ஆசிரியரா இருக்கறவர்தான் சீனம் தெரியாத ஒரு நல்ல வாசகனையும் எழுதச் சொல்லணும். நட்பு கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்.