பட்ட பனையையும் விட்டுவையுங்கள்

தூத்துக்குடிக் கரையில் மரம் நடும் ஆர்வம் பெருகியிருக்கிறது. புன்னக்காயலில் தாமிரபரணி கடலைத் தொடும் சேற்றில் அலையாத்தி, கடலோர மணலில் சவுக்கு, தேரிச் செம்மணலில் முந்திரி. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. மனமார வரவேற்க வேண்டிய முயற்சி இது. ஆனால் நட்ட கன்று எத்தனை, பிழைத்தது எத்தனை என்ற கணக்கோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த இடத்தில் பறவைகள் தங்கி, இரை தேடி, கூடு கட்டுகின்றனவா என்பதையும் கேட்டாக வேண்டும். அதற்கான விடை பெரும்பாலும் காட்டின் அமைப்பில் இருக்கிறது.

1961-இல் அமெரிக்காவில் ராபர்ட் மக்ஆர்தரும் ஜான் மக்ஆர்தரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இலைத்தழை தரைமட்டம், நடுமட்டம், உச்சி என எவ்வளவு பரவலாக அடுக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்குப் பறவை வகைகள் கூடுகின்றன என்பது அவர்கள் கண்டது. நம் வால்பாறையில் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் உள்ளூர் மரங்களைக் கலந்து நட்டு மீட்டிருக்கிறார்கள். தானாக வளரட்டும் என்று விட்ட இடங்களைவிட அங்கே மழைக்காட்டுப் பறவைகள் நன்றாகத் திரும்பியிருக்கின்றன. ஒரே நாளில் நட்ட சவுக்குத் தோப்பில் இந்த அடுக்கு உருவாவதில்லை. உதிர்ந்த சருகு தரையை மூடிக்கொள்ள, கீழே புதர் எழுவது அரிது. புதர் இல்லாத இடத்தில் செம்போத்து ஒதுங்காது. தேரிப் பக்கம் பனங்காடையும் கிளியும் பட்டுப்போன பனையின் பொந்தில் குஞ்சு பொரிக்கின்றன. நிலத்தைச் சீர்படுத்துவதாகச் சொல்லி நாம் முதலில் சாய்ப்பது அந்த மொட்டைப் பனையைத்தான். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. பட்ட பனைக்கும் அந்தக் காப்பு உண்மையில் கிடைக்க வேண்டும்.

ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெறும் உவர்நிலத்தில் அடுக்கடுக்கான காடு எப்படி வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்குள்ள முகத்துவாரங்களில் உப்பைத் தாங்கி மிகுதியாக வளர்வது வெண்கண்டல் என்ற ஒரே அலையாத்தி வகைதான். ஆனால் ஒரே வகை மரத்திலும் வயது வேறுபாட்டை உண்டாக்கலாம். முழுப் பரப்பையும் ஒரே பருவத்தில் நடாமல் ஆண்டுகளாகப் பிரித்து நடலாம். கிளை பரப்பிய முதிய மரங்களை விட்டுவைக்கலாம். ஓதம் ஏறியிறங்கும் ஓடைகளைத் தூர்ந்துபோகாமல் காக்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. சவுக்கு காற்றைத் தடுக்கிறது, மீனவக் குடும்பங்களுக்கு விறகும் வருமானமும் தருகிறது என்பது மறுக்க முடியாத வாதம். ஊரை ஒட்டிச் சவுக்கு நிற்கட்டும். அதைக் காட்டுக் கணக்கில் எழுத வேண்டாம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: எல்லாப் பறவைக்கும் மரம் வேண்டியதில்லை. வலசை வரும் உள்ளான்களும் பூநாரைகளும் இரை தேடுவது திறந்த சேற்றுவெளியிலும் உப்பளப் பாத்திகளிலும். அவற்றைச் சும்மா கிடக்கும் நிலமென்று எண்ணி அலையாத்தி நட்டால் ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை வளர்க்கிறோம். வெட்டவெளியும் இந்தக் கரையின் அமைப்பில் ஒரு பகுதி. அதை அப்படியே விடுவதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

எனவே நிதி ஒதுக்கும்போதே வனத்துறை ஒரு நிபந்தனை வைக்கலாம். நடுவதற்கு முன்பு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டில் ஒருமுறை, பத்தாம் ஆண்டில் ஒருமுறை என மரங்களின் உயர அடுக்கையும் பறவைகளையும் கணக்கெடுத்து, அந்தப் பதிவை ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.