குளிரும் என்று பந்தயம் கட்டியவர்கள்

2005ஆம் ஆண்டில் ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரைச் சேர்ந்த சூரிய இயற்பியலாளர்கள் இருவர், கலீனா மாஷ்னிச்சும் விளாதிமிர் பாஷ்கிர்த்செவும், பிரிட்டனைச் சேர்ந்த காலநிலை ஆய்வாளர் ஜேம்ஸ் அன்னனுடன் பத்தாயிரம் டாலர் பந்தயம் கட்டினார்கள். 1998 முதல் 2003 வரையிலான ஆறு ஆண்டுகளின் சராசரியைவிட 2012 முதல் 2017 வரையிலான ஆறு ஆண்டுகளில் பூமி குளிர்ந்திருக்கும் என்பது ரஷ்யர்களின் கட்சி. சூடாகத்தான் இருக்கும் என்றார் அன்னன். யாருடைய வெப்பநிலைப் பதிவைக்கொண்டு முடிவு செய்வது என்பதையும் முன்பே பேசிவைத்தார்கள். 2017 முடிந்தது. குளிரும் என்றவர்கள் தெளிவாகத் தோற்றார்கள்.

தோற்ற அந்த இருவர்மீதும் நமக்கு மதிப்பு உண்டு. எந்த ஆண்டு, எந்த அளவு, யாருடைய கணக்கு என்று வெளிப்படையாகச் சொல்லி, தவறினால் தோல்விதான் என்று பந்தயத்தின்போதே ஒப்புக்கொண்டு களத்தில் நின்றவர்கள் அவர்கள். இன்று வாட்ஸ்அப்பில் "பூமி குளிரப் போகிறது, விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள்" என்று பரப்புகிறவர்களில் ஒருவரும் அப்படி நிற்கத் தயாராக இல்லை.

ரஷ்யர்களின் கணக்கில் ஒரு பாதி பலித்ததையும் சொல்ல வேண்டும். சூரியன் அடங்கப் போகிறது என்றார்கள், அடங்கியது. 2008இன் இறுதியில் தொடங்கி 2019 வரை நீடித்த 24ஆவது சூரியச் சுழற்சி, கடந்த நூறு ஆண்டுகளில் கண்ட மிக வலுவற்ற சுழற்சி. ஆனால் அதே காலத்தில்தான் பூமி அதுவரை பதிவான வெப்ப ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தது. 2024 முடிந்தபோது, 2015 முதல் அதுவரையிலான பத்து ஆண்டுகளே பதிவுகளில் மிக வெப்பமான பத்து ஆண்டுகளாக இருந்தன. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024 சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்கிறது உலக வானிலை அமைப்பு.

1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகளே அரிதாகிப்போன ஒரு காலம் இருந்தது. அப்படி ஒன்று இந்த நூற்றாண்டில் மீண்டும் வந்தாலும், அதனால் தணியக்கூடிய வெப்பம் 0.3 டிகிரி அளவுக்குமேல் போகாது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஏறியிருப்பதோ அதைப்போலப் பல மடங்கு. இன்னொரு சான்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. சூடேற்றுவது சூரியன் என்றால், வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். கீழடுக்கு சூடாகிறது, மேலே ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்போது நிகழ்வது இதுதான்.

"எழுபதுகளில் பனியுகம் வரும் என்றார்கள், இப்போது வெப்பம் என்கிறார்கள்" என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். 1975 ஏப்ரலில் நியூஸ்வீக் இதழில் உலகம் குளிர்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது உண்மை. தொழிற்சாலைப் புகையின் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பியதும், நூற்றாண்டின் நடுவில் வெப்பநிலை சற்றே தணிந்ததும் உண்மை. ஆனால் 1965 முதல் 1979 வரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, குளிரும் என்றவை 7, வெப்பமடையும் என்றவை 44. நியூஸ்வீக் கட்டுரையை எழுதிய பீட்டர் க்வினே, அதைக் காட்டி இன்றைய விஞ்ஞானிகளை மறுப்பது சரியல்ல என்று 2014இல் எழுதினார். பத்திரிகைகள் பரபரப்பான பக்கத்தைப் பெரிதாக்கின. ஆய்வுக்கூடங்களில் பெரும்பான்மைப் பேச்சு வேறாக இருந்தது. பத்திரிகைக்காரர்களாகிய நாம் மறக்கக் கூடாத பாடம் இது.

அடுத்து கடல். "கடல் உயர்கிறது என்றால் மெரினா ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது?" என்று கேட்பவர்கள் நம்மூரில் உண்டு. நியாயமான கேள்வி. பதில் துறைமுகத்தில் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அந்த மணல் தெற்கே தேங்கியது, மெரினா வளர்ந்தது. வடக்கே மணல் போய்ச் சேராமல் ராயபுரமும் காசிமேடும் அரிக்கப்பட்டன. கல் கொட்டி, தூண்டில் வளைவு போட்டு, அரிப்பை அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிட்டோம். ஆகவே ஒரு கரையின் அகலத்தைப் பார்த்துக் கடல்மட்டத்தைச் சொல்லிவிட முடியாது. மெரினாவைக் காட்டி உயரவில்லை என்பதும் தவறு, வடசென்னையில் இடிந்த வீட்டைக் காட்டி முழுப் பழியையும் காலநிலைமீது போடுவதும் தவறு. துறைமுகம் கட்டியவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் அந்த இரண்டாவது தவறுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நாம் இடம் தரக் கூடாது.

ஸ்வீடனிலும் இதே குழப்பம்தான். ஸ்டாக்ஹோமில் கடல் பின்வாங்குவதுபோலத் தெரியும். பனியுகத்தில் அழுத்திக் கிடந்த பனிப்பாறையின் பாரம் நீங்கியதால் அங்கே தரை இன்னும் மேலெழுந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் உலகம் முழுவதையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கிறது. 1901 முதல் 2018 வரை கடல் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. முதலில் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்த வேகம் இப்போது 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. கடலில் மிதக்கும் சுமார் நாலாயிரம் ஆர்கோ மிதவைகள், நீர் சூடாகி விரிவதை அளக்கின்றன. கிரேஸ் செயற்கைக்கோள்கள், உருகிய பனியால் கடலில் கூடும் நீரின் எடையை அளக்கின்றன. இரண்டையும் கூட்டினால், உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள் சொல்லும் கணக்குக்குப் பொருந்துகிறது. மூன்று கருவிகள், மூன்று வழிகள், ஒரே விடை.

மிகைப்படுத்தியவர்களையும் விட்டுவிட முடியாது. முப்பது ஆண்டுகளில் மாலத்தீவு முழுதும் மூழ்கும் அபாயம் என்று 1988இல் செய்தி வந்தது. மூழ்கவில்லை. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகலாம் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் எழுதியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா 2009இல், பனியாறுகளைப் பற்றிய பல ஆண்டுப் பதிவுகளை முன்வைத்து, அப்படிப்பட்ட வேகத்துக்குச் சான்றில்லை என்றார். குழுவின் தலைவராக இருந்த பச்சௌரி அதை இழிவாகப் பேசினார். 2010 ஜனவரியில் குழுவே தவறை ஒப்புக்கொண்டது. பனியாறுகள் கரைவது உண்மை, ஆண்டுக்கணக்கு பொய். ஒரு தவறான எண், நூறு சரியான எண்களின்மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கையைக் குலைத்தது. அந்தச் சேதம் இன்னும் ஆறவில்லை.

ரெய்னா செய்தது ஐயம். அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் செய்ததும் ஐயம்தான். வெப்பநிலைப் பதிவுகளை நம்பாத அவர், எல்லாவற்றையும் தாமே புதிதாகக் கணக்கிட ஒரு குழுவைக் கூட்டினார். நிதி தந்தவர்களில், காலநிலை பற்றிய மாற்றுக்கருத்துக்குப் பெயர்போன சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் இருந்தது. விடை எதிராக வந்தபோது, 2012இல் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதாகப் பகிரங்கமாக எழுதினார். இத்தகைய ஐயத்துக்கு இந்தப் பக்கங்களில் என்றும் இடம் உண்டு. முடிவு எப்படி வந்தாலும் பேச்சை மாற்றாதவர்களுக்கு, "இருதரப்பு" என்ற பெயரில் சரிசமமான இடம் கொடுக்க நாம் உடன்பட மாட்டோம்.

தமிழக அரசிடம் ஒரு கோரிக்கை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் அலைமானிகள் பல பத்தாண்டுகளாகக் கடலை அளந்துவருகின்றன. அந்தக் கணக்கை மத்திய அரசிடமிருந்து பெற்று, தரை தாழ்கிறதா என்ற விவரத்தோடும் துறைமுகங்களாலும் தூண்டில் வளைவுகளாலும் நேர்ந்த அரிப்பைத் தனியே பிரித்துக்காட்டியும், ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். பழவேற்காடு முதல் நீரோடி வரை ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் அதை ஒட்ட வேண்டும். கடலோரத்தில் இனி எழும் எந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே அனுமதி தர வேண்டும்.