கங்காணிக் குரலும் கல்லூரிப் பயிற்றுநரும்

மலையகக் கல்லூரிகளின் உதைபந்தாட்ட மைதானங்களில் நெடுநாளாக வழங்கிவரும் நம்பிக்கை ஒன்றுண்டு. பயிற்றுநர் எவ்வளவுக்கு ஏசுகிறாரோ அவ்வளவுக்கு அணி எழும்பும் என்பதே அது. தோற்ற அணியை மழையில் மைதானம் சுற்றி ஓடவிடுபவர் கண்டிப்பானவர் எனப் போற்றப்படுகிறார். பிழைவிட்ட பையனைப் பெயர்சொல்லி, சில வேளைகளில் அவன் தோட்டத்தையும் சொல்லி, எல்லைக்கோட்டருகே நின்று வைபவர் ஆட்டத்தில் உயிரையே வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். பெற்றோர் ஒப்புவர், அதிபர் கண்டுகொள்ளார், வென்ற ஆண்டிற் பொன்னாடையும் கிடைக்கும். இந்நம்பிக்கை பிழையானது. மலையகத்தில் அது தோட்ட ஆட்சிமுறையின் எச்சம் என்றே கொள்ளல் வேண்டும்.

ஏச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து எம் முன்னோர் கொணரப்பட்ட காலந்தொட்டு, மேலே துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிவரிசையில் வேலை வாங்கப்பட்டது குரலினாலேயே. விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் தொடங்கும் அக்குரல் மாலையிற் கொழுந்து நிறுக்குமிடத்தில் முடியும். நிறை குறைந்தால் அரைப்பேர். தரவளையிலும் ரதல்லயிலும் துரைமார் தமக்கெனக் கழகங்களும் மைதானங்களும் அமைத்து ஆடினர். அவர்களுக்கு விளையாட்டு ஓய்வாயிருந்தது. அதே மலைச்சரிவிலுள்ள லயத்துப் பிள்ளைக்கோ, பந்து கைக்கெட்டிய பின்னரும், வேலைத்தலத்தின் மொழியிலேயே விளையாட்டுக் கற்பிக்கப்படுகிறது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்பதற்கும், கோல் போடாவிட்டால் நீ ஆளில்லை என்பதற்கும் இலக்கணம் ஒன்றே.

அப்படியாயின் கண்டிப்பே வேண்டாமா எனச் சிலர் வினவுவர். வேண்டும், இன்றுள்ளதினும் மிகுதியாக வேண்டும். நேரந்தவறாமையிலும், பந்து தன்னிடம் இல்லாதபோது ஓடவேண்டிய ஓட்டத்திலும் விட்டுக்கொடுப்பவர் பயிற்றுநரல்லர். அக்கண்டிப்பு எதன்மேற் செல்கிறது என்பதே கேள்வி. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராயிருந்து பயிற்றுநரானவர். 1951 இலும் 1962 இலும் அவர் பயிற்றிய இந்திய அணி ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. ஒழுங்கு விடயத்திற் கடுமையானவர் என்றே அவர் அறியப்பட்டார். ஆயின் பலங்குறைந்த காலினால் மட்டுமே பந்தை உதைக்கவேண்டும் என்ற விதியோடு இளைஞருக்குப் போட்டிகள் நடத்தியவரும் அவரே. அவருடைய கடுமை காலின்மீது சென்றது, காலுக்குரியவன்மீது அன்று. 1962 ஜகார்த்தா இறுதியாட்டத்தில், தலையில் தையலோடிருந்த பின்கள வீரர் ஜர்னயில் சிங்கை அவர் முன்களத்தில் ஆடவிட்டார். தென்கொரியாவை 2–1 என வென்ற அவ்வாட்டத்தில் ஒரு கோல் ஜர்னயிலுடையது. (இன்றைய மருத்துவர் இதற்கு இலகுவில் இசையார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆளை அறிந்து இடத்தை மாற்றிய அந்தச் சிந்தனையை எத்தனை மணிநேர ஏச்சு ஈடுசெய்யும்?

எல்லைக்கோட்டு ஏச்சு ஆட்டத்தை என்ன செய்கிறது என்பதை ஒரு மாலை நின்று பார்ப்பவர் அறிவர். பந்து காலுக்கு வருமுன் பையனின் கண் பயிற்றுநரின் முகத்துக்குப் போகிறது. முன்னே இடமிருந்தும் அவன் பின்னோக்கித் தள்ளிவிடுகிறான். பிழை தன்னுடையதாக இல்லாதிருந்தாற் போதும். கணுக்கால் பிசகினால் மறைக்கிறான்; மறைத்த பிசகு அடுத்த மாதம் அவனை ஆட்டத்திலிருந்தே நீக்குகிறது. அச்சத்தினால் ஓடுபவன் வேகமாக ஓடலாம். எங்கே ஓடுவது என்று சிந்திக்கமாட்டான்.

தண்டனை ஓட்டத்தைப் பற்றி எம் பல்கலைக்கழகத்தார்க்கு எவரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1997 இல் பேராதனையின் பொறியியற்பீட முதலாண்டு மாணவர் ஒருவர், பகிடிவதையிற் சுமத்தப்பட்ட கடும் உடற்பயிற்சியின் பின் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச்சட்டம் அதன் பின்னரே வந்தது. அளவுமீறிய உழைப்பினாற் சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. பாடசாலைகளில் உடற்றண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை விலக்கிற்று. ஆசிரியரின் அறையினாற் செவிப்புலன் கெட்ட மாணவனின் வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்டது என 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மைதானம் மட்டும் இவற்றுக்குப் புறம்பான தீவோ? கங்காணியைக் கண்டித்துக் கவிதை பாடும் எம் தோழர் சிலர், புதுமுக மாணவர் முன்னே தாமே கங்காணியாக நிற்பதையும் இவ்விடத்துச் சொல்லாதிருக்க முடியவில்லை.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு கூட்டத்தாரும் உளர். தோட்டத்துப் பிள்ளைகள், பாவம், வந்து ஆடினாலே போதும் என்பர். இவ்விரக்கமும் இழிவுபடுத்தலே, இவனால் இவ்வளவுதான் முடியும் என்ற தீர்ப்பு அதனுள் இருக்கிறது. ஆயினும் உண்மைகளைப் பயிற்றுநர் அறிந்திருத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 வீதத்தினர். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதத்தினர். மாலைப் பயிற்சிக்கு வருபவன் பகலில் என்ன உண்டான் என்று கேளாமல் அவனைச் சோம்பேறி என்பது கண்டிப்பாகாது; தொழிலறியாமை.

உணர்ச்சி கூடாதென்றும் நான் கூறவில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 28 பருவங்கள் அமெரிக்க உதைபந்தாட்டம் பயிற்றிய வூடி ஹேய்ஸ் உணர்ச்சிக்குப் பெயர்பெற்றவர். 1978 டிசெம்பரில், தம் அணியின் பந்தை இடைமறித்துப் பிடித்த எதிரணி மாணவனைக் கையால் தாக்கினார், பதவி போயிற்று. அடுத்தவன் உடம்பின்மேல் இறங்கும் உணர்ச்சி அது. தம்மோடு நிற்பவனைத் தாங்கும் உணர்ச்சியைக் காண மலையகத்தை விட்டு எங்கும் போகவேண்டியதில்லை. மாசிமாதக் காமன் கூத்துக்குத் தோட்டத்து இளைஞரைப் பழக்கும் கூத்து வாத்தியாரைப் பாருங்கள். தப்படிக்கு ஓரடி பிந்தினாலும் அவர் விடார், மறுபடி ஆடச்செய்வார். விரதத்திலும் தளர்வில்லை. ரதி புலம்புமிடத்தில் அவர் குரலும் தழுதழுக்கும். ஆடுபவன் தடுமாறினால் தாமே எடுத்துப் பாடி அவனை மீண்டும் அடிக்குள் கொண்டுவருவார். இரவு முழுவதும் அவனோடு விழித்திருப்பார். அவரைக் கண்டிப்பற்றவர் என்று எந்தத் தோட்டத்திலும் எவரும் சொல்லக் கேட்டதில்லை.