விளக்கைத் துடைக்கும் கை

சென்ற இதழில், திருவதிகைத் திருக்கோயிலில் நாள்தோறும் திருவலகிட்டு மெழுகி, மலர்மாலை தொடுத்துப் பணிசெய்த திலகவதியாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "இறைவன் சந்நிதியைத் துடைப்பதையே தவமாகக் கொண்டவர்கள் இக்காலத்திலும் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். உண்டு, அம்மா. ஒருவரை நான் அறிவேன். ஆனால் அவர் பணிசெய்தது சிவாலயத்திலன்று; நாகூர் தர்காவில்.

அவரைப் பற்றி எழுத வேண்டுமானால், நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் எழுதியாக வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நெஞ்சில் கிடக்கும் பிழை அது.

1988-ஆம் ஆண்டு வங்கிப் பணியின் நிமித்தம் நாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி வந்தேன். காயாரோகணப் பெருமானும் நீலாயதாட்சி அம்மையும் கோயில் கொண்ட ஊர். கடலில் கிடைத்த பொன்மீனைச் சிவனுக்கென்று அலைகளிலேயே விட்டுவிட்ட அதிபத்த நாயனார் பிறந்த ஊர். இத்தகைய தலத்தில் வேலை கிடைத்ததே பெரும்பேறு என்று மகிழ்ந்தேன். தந்தையார் விட்டுச்சென்ற சிவபூஜையை நான் தவறாமல் செய்துவந்த காலம் அது. ஆசாரத்தில் சற்றுக் கூடுதலாகவே பிடிப்பு இருந்தது. கூடவே கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

நாகையிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே நாகூர். வட இந்தியாவில் மாணிக்கப்பூரில் பிறந்து, நாடெங்கும் சுற்றி, பதினாறாம் நூற்றாண்டில் சோழநாட்டுக் கடற்கரையில் வந்து அடங்கிய சாகுல் ஹமீது என்னும் மகானின் அடக்கத்தலம் அங்கே உள்ளது. தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரின் தீராத பிணியை அவர் தீர்த்தார் என்றும், மன்னர் நன்றியுடன் நிலம் வழங்கினார் என்றும் சொல்வார்கள். அரண்மனைப் புறா ஒன்றின் உடலில் ஊசிகள் செருகப்பட்டிருந்தனவாம்; ஒவ்வொன்றாக அவற்றை எடுக்க எடுக்க மன்னரின் வலி தணிந்ததாம். இன்றும் அங்கே புறாக்களைப் பறக்கவிடும் வழக்கத்துக்கு இந்தக் கதையையே காரணமாகச் சொல்கிறார்கள். தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயரமானது 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். சிவபக்தியில் ஊறிய தஞ்சையின் அரசர்கள் அந்த வாசலில் தலைவணங்கத் தயங்கவில்லை. தயங்கியவன் நான்.

அந்த ஆண்டு என் தாயார் என்னோடு வந்து தங்கினார்கள். வந்த மறுவாரமே, "நாகூருக்கு ஒரு கடன் இருக்கிறது, அழைத்துப் போ" என்றார்கள். நான்கு வயதில் எனக்குக் கண்நோய் கண்டு பார்வையே போய்விடும் என்ற நிலை வந்ததாம். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருவர் சொல்ல, என் தாயார் நாகூர் ஆண்டவருக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டார்கள். பார்வை மீண்டது. குடும்பச் சூழலால் நேர்த்திக்கடன் மட்டும் இருபத்து நான்கு ஆண்டுகள் நிலுவையில் நின்றுபோயிற்று.

மறுக்க முடியாமல் அழைத்துச் சென்றேன். அன்று நல்ல கூட்டம். உடல் உறுப்புகளும் வீடும் படகும் பொறித்த தகடுகளைக் கையில் ஏந்தியவர்கள், முடியிறக்கிய குழந்தைகள், நெற்றியில் திருநீறும் குங்குமமுமாகப் பெண்கள் என்று வாசல் நிறைந்திருந்தது. நெரிசலில் தடுமாறிய தாயாரை ஒருவர் கைத்தாங்கலாக அழைத்துப் போய்த் தூணோரம் உட்காரவைத்தார். தர்காவைக் கூட்டி, விளக்குகளைத் துடைத்து வைக்கும் பணியாளர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் கிளையில் சிறு சேமிப்புக் கணக்கு வைத்திருந்ததால் எனக்கு அறிமுகமானவர். பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுப்பவர். "சார், நீங்களும் உள்ளே வாருங்கள்" என்று அன்போடு அழைத்தார். "இருக்கட்டும் பாய், நான் இங்கேயே நிற்கிறேன்" என்று கைகட்டி வெளியில் நின்றேன். கண்மலரைச் சேர்த்துவிட்டு, நெற்றியில் சந்தனமும் முகத்தில் நிறைவுமாகத் தாயார் திரும்பி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேராகக் கிணற்றடிக்குப் போனேன். மாலைப் பூஜைக்கு முன் கைகால் கழுவுவதுதான் என் வழக்கம். அன்று தலைமுழுகினேன். ஏன் முழுகினேன் என்பது எனக்குத் தெரியும். வாயிற்படியில் நின்றிருந்த தாயாருக்கும் தெரிந்தது. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை எடுத்து நீட்டிவிட்டு உள்ளே போனார்கள். நெற்றியிலிருந்த சந்தனத்தை மட்டும் அன்றிரவு முழுவதும் அழிக்கவில்லை.

கந்தூரி விழாவில் நாகையிலிருந்து புறப்படும் சந்தனக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 1991 வரை அவ்வூரில் இருந்தேன். மூன்று கந்தூரிகள் வந்து போயின. எங்கள் வீதி வழியாகக் கூட்டம் கூட்டமாக மக்கள் போவதைத் தாயார் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். "போகலாமா?" என்று நான் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 1997-இல் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிவாரணத் தொகைக்கான கணக்குகளைத் தொடங்கிக் கொடுக்க, 2005-இன் தொடக்கத்தில் சில வாரங்கள் என்னை மீண்டும் நாகைக்கு அனுப்பினார்கள். கணக்குத் தொடங்க வருபவரிடம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பதற்கே நா எழாத நாட்கள் அவை. ஒரு மாலை, காரணம் எதுவும் தோன்றாமலேயே நாகூருக்குப் பேருந்து ஏறினேன். அவர் அங்கேதான் இருந்தார். தாடி முழுதும் வெளுத்திருந்தது. விளக்கு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர், என்னை அடையாளம் கண்டு, "பேங்க் சார்!" என்று எழுந்தார்.

அன்று அவர் சொன்னவற்றை என் நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

"பன்னிரண்டு வயதில் இங்கே துடைப்பம் எடுத்தேன். முதலில் கூலிக்காகத்தான் செய்தேன். வருகிறவர்கள் எல்லாரும் 'எஜமானைக் கனவில் கண்டீரா? ஒளி ஏதும் தெரிந்ததா?' என்று கேட்பார்கள். பொய் சொல்லக் கூடாது சார். ஒளியும் தெரியவில்லை, கனவும் வரவில்லை. விளக்கில் படிந்த கரிதான் தெரிந்தது. அதைத் துடைத்தேன்.

"எனக்கு ஒரு மகள் இருந்தாள். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் செய்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தேன். கோபம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இந்த வாசலில் சுகம் கிடைக்கிறது, வாசலைக் கூட்டுகிறவன் பிள்ளைக்கு இல்லையா என்று கோபம். அன்று விளக்கைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாயும் நேரம். பொட்டு வைத்த ஒரு பெண், கையில் எண்ணெய்க் கிண்ணம், தோளில் குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல். 'ஐயா, இந்த எண்ணெயை ஊற்றி ஏற்றிவிடுங்கள், கடைசிப் பேருந்துக்குப் போக வேண்டும்' என்றாள். நான் என்ன செய்வேன்? எழுந்து துடைத்தேன், ஊற்றினேன், ஏற்றினேன். எஜமானுக்காக ஏற்றவில்லை சார். அந்தப் பிள்ளைக்காக ஏற்றினேன். ஏற்றும்போதுதான் அழுகை வந்தது. அன்று முதல் இது கூலி வேலையாகத் தோன்றவில்லை."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலை வந்த நாட்களைச் சொன்னார். சாதி, மதம் பாராமல் மாண்டவர்கள் பலருக்குத் தர்கா தன் நிலத்திலேயே இடம் கொடுத்தது. உயிர் தப்பியவர்கள் வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள்.

"மூன்றாம் நாள் விடிகாலை கூட்டுவதற்காக வந்தேன். தரை தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள். கழுத்தில் சிலுவை போட்டவர், தாலி அறுந்தவள், எங்கள் ஆட்கள், யாரென்றே தெரியாத பிள்ளைகள். கையில் விளக்கை வைத்துக்கொண்டு, யாரையும் மிதித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து நடந்தேன். ஒரு நொடிதான் சார். எல்லாம் ஒரே முகமாகத் தெரிந்தது. என் மகள் முகமா, எஜமான் முகமா, சொல்லத் தெரியவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எத்தனை வருஷமாகக் கேட்டார்களே, கண்டீரா என்று. கண்டது அதுதான்."

எனக்கு உடல் நடுங்கிற்று. ஏனெனில் இதே காட்சியை நான் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன்.

அறுபத்துமூவருள் நமிநந்தியடிகள் வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். திருவாரூர் அரநெறியில், சமணர்கள் நெய்தர மறுத்து எள்ளியபோது, குளத்து நீரை முகந்து ஊற்றி விளக்கெரித்தவர் அவர். அந்த அற்புதத்தைச் சொல்லிப் பலரும் நிறுத்திவிடுவோம். அதற்குப் பின் நடந்ததையும் சேக்கிழார் பெருமான் சொல்கிறார். பங்குனி உத்திர விழாவில் இறைவன் திருமணலிக்கு எழுந்தருள, நமிநந்தியாரும் உடன்சென்றார். எல்லாக் குலத்தாரும் கலந்து சென்ற கூட்டம் அது. இரவு வீடு திரும்பியவர் உள்ளே புகவில்லை. கூட்டத்தில் கலந்ததால் தீட்டு வந்தது, குளித்தபின்தான் பூஜை என்று, மனைவியாரிடம் நீர் கேட்டு வாயிலில் இருந்தார். அயர்ந்து கண்மூடிய வேளையில் கனவில் தோன்றிய பெருமான், 'ஆரூரில் பிறந்தவர் அனைவரும் நம் கணங்கள். அதை நீ காண்பாய்' என்று அருளி மறைந்தார். மறுநாள் ஆரூருக்குச் சென்றவர், அங்குள்ளார் அனைவரையும் சிவவடிவாகவே கண்டு நிலத்தில் விழுந்து வணங்கினார்.

நீரால் விளக்கெரித்த மெய்யடியாருக்கே அந்த ஒரு பாடம் மிச்சமிருந்தது. அதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன நானோ, என் கிணற்றடியை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்மலர், கிணற்றடி, துண்டை நீட்டிய தாயாரின் கை, திண்ணையில் கழிந்த மூன்று கந்தூரிகள். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"குளித்தது குற்றமில்லை சார். தொழுகைக்கு முன் நாங்களும்தான் கழுவுகிறோம். அம்மாவின் மனசுதான் நொந்துபோயிருக்கும்."

"என் தாயாரை உங்களுக்கு நினைவிருக்கிறதா, பாய்? நீங்கள்தான் தூணோரம் உட்காரவைத்தீர்கள்."

அவர் யோசித்துப் பார்த்தார். எனக்காகவேனும் ஆம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லை சார். எத்தனையோ அம்மாக்கள் வருகிறார்கள்" என்றார். பிறகு, தான் துடைத்துக்கொண்டிருந்த துணியை என்னிடம் நீட்டி, அருகிலிருந்த இன்னொரு விளக்கைக் காட்டினார். நான் உட்கார்ந்து துடைத்தேன். கரி எளிதில் போகவில்லை. வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் இருட்டிவிட்டது.

அன்று விடுதிக்குத் திரும்பி, கைகால் கழுவிவிட்டுப் பூஜையில் அமர்ந்தேன். விரல்களில் எண்ணெய் வாசம் போகவில்லை. போகவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

2020-இல் பணி ஓய்வு பெற்றேன். சென்ற ஆண்டு நாகூருக்குச் சென்றபோது பாய் இல்லை, காலமாகிவிட்டார். அவர் இருந்த இடத்தில் ஓர் இளைஞர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். இம்முறை நான் வெளியில் நிற்கவில்லை. என் தாயார் அமர்ந்திருந்த தூணைத் தேடினேன். எந்தத் தூண் என்று உறுதியாகத் தெரியவில்லை. ஒன்றின் அடியில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வந்தேன். இப்போது எங்கள் குடியிருப்பை ஒட்டிய சிவன் கோயிலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் விளக்குகளைத் துடைத்து வைக்கும் கைங்கர்யத்தைக் கேட்டு வாங்கிச் செய்கிறேன். தாயாருக்குச் செய்யத் தவறியதற்கு இது ஈடாகாது. அது எனக்குத் தெரியும்.

நாகைக்குத் தலயாத்திரை செல்லும் அன்பர்கள் காயாரோகணரையும் சௌந்தரராஜப் பெருமாளையும் சிக்கல் சிங்காரவேலரையும் தரிசித்து வருகிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் யாருக்கேனும் நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ பழைய நேர்த்திக்கடன் ஏதும் இருக்கிறதா என்று புறப்படுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால், முகம் சுளிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே அழைத்துச் செல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.