கிராஃபிக்ஸ் கார்டு கனெக்டர் உருகுவது ஏன்? வாட் கணக்கும் ஓவர்க்ளாக் ஆசையும்

இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் கருகும் வாடை. கேபினெட்டைத் திறந்து பார்த்தால், கார்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கனெக்டர் உருகிப்போய்க் கிடக்கிறது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5090, 2025 ஜனவரி 30-ம் தேதி விற்பனைக்கு வந்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் இப்படிப்பட்ட படங்கள் இணையத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

உடனே பலரும் சொன்ன பதில், "ஓவர்க்ளாக் பண்ணியிருப்பாங்க" என்பதுதான். அதாவது, கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதலாக சிப்பை ஓட்டுவது. ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. ஓவர்க்ளாக் செய்யாத கார்டிலேயே பிரச்னை இருந்தது. கார்டு மொத்தம் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்ப்பதோடு நின்றால் அது கண்ணில் படாது. அந்த மின்சாரம் எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்த்தால்தான் புரியும்.

575 வாட்: அயர்ன் பாக்ஸைவிடக் குறைவுதானே?

5090 இழுக்கும் மின்சாரம் என்று என்விடியா அறிவித்திருப்பது 575 வாட். வீட்டில் இருக்கும் அயர்ன் பாக்ஸ் 1000 வாட். அதுக்கே ஒன்றும் ஆகவில்லை, இதுக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். வித்தியாசம் வோல்ட்டேஜில் இருக்கிறது. அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் ஓடுவதால் அதன் வயரில் பாய்வது நான்கு ஆம்பியர் சொச்சம்தான். கிராஃபிக்ஸ் கார்டு ஓடுவது 12 வோல்ட்டில். 575-ஐ 12-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 48 ஆம்பியர். ஏ.சி.க்குப் போடும் வயரில்கூட இவ்வளவு போகாது. இங்கே அது விரல் நகம் அகலமுள்ள ஒரு கனெக்டருக்குள், ஆறு மெல்லிய கம்பிகள் வழியாகப் போகிறது. சமமாகப் பிரிந்தால் கம்பிக்கு 8 ஆம்பியர். ஒரு பின் தாங்கக்கூடியது சுமார் 9.5 ஆம்பியர். சமமாகப் பிரிந்தால் பிரச்னை இல்லை. பிரியாவிட்டால்?

பழைய 8 பின் கனெக்டரில் இந்தக் கவலை அவ்வளவாகக் கிடையாது. அதன் வரம்பு 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர், அதைச் சுமக்க மூன்று கம்பிகள். கம்பிக்கு நான்கு ஆம்பியர் சொச்சம். தாங்கும் திறனில் ஏறக்குறைய பாதிதான் பயன்பட்டது. புதிய கனெக்டரில் அந்த இடைவெளி பத்துப் பதினைந்து சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கேபிள்கள் குறைந்து கேபினெட் அழகாகத் தெரிகிறது என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விலை இது.

எப்படி அளக்கிறார்கள்?

எளிய வழி, சுவரில் இருக்கும் பிளக்கில் ஒரு மீட்டரைச் செருகி அளப்பது. ஆனால் அதில் தெரிவது மொத்த கம்ப்யூட்டரின் கணக்கு. பிராசஸர், ஃபேன் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். போதாததற்கு எஸ்.எம்.பி.எஸ். வீணாக்கும் மின்சாரமும் சேரும். மீட்டர் 700 வாட் காட்டி, எஸ்.எம்.பி.எஸ். திறன் 90 சதவீதம் என்றால், உள்ளே போனது 630 வாட்தான்.

இரண்டாவது வழி, சாஃப்ட்வேர் காட்டும் எண். இது கார்டு தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு. சில பழைய ஏ.எம்.டி. கார்டுகள் சிப் இழுத்த மின்சாரத்தை மட்டுமே சொல்லும். மெமரி, ஃபேன் கணக்கில் வராது. பார்ப்பவர் மொத்தமே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவதுதான் சரியான வழி. மதர்போர்டு ஸ்லாட்டுக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு அளவுப் பலகை, கேபிளில் தனியாக ஒரு சென்சார். ஸ்லாட் வழியாக எவ்வளவு, கேபிள் வழியாக எவ்வளவு என்று பிரித்தே தெரியும். கருவி போதிய வேகத்தில் அளந்தால் இன்னொன்றும் தெரியும்: சராசரி ஒரு எண்ணாக இருக்கும்போதே, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைந்த பொழுதில் கார்டு அதைவிட எக்கச்சக்கமாக இழுத்துவிட்டு இறங்கும். எஸ்.எம்.பி.எஸ். வாட் போதுமானதாக இருந்தும் கேம் நடுவில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, எஸ்.எம்.பி.எஸ். தன் அளவைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

2016-ல் ஏ.எம்.டி. மாட்டிய விஷயம்

பிரித்து அளப்பதன் அருமை தெரியவந்தது ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்.எக்ஸ். 480 விவகாரத்தில். 2016 ஜூன் 29-ல் வந்த இந்தக் கார்டின் ஆரம்ப விலை 199 டாலர். அறிவித்த மின்சாரம் 150 வாட்: ஸ்லாட்டிலிருந்து 75, ஒரே ஒரு 6 பின் கேபிளிலிருந்து 75. காகிதத்தில் கணக்கு அச்சாகப் பொருந்தியது.

விமர்சகர்கள் பிரித்து அளந்தபோது மொத்தம் 160 வாட்டை ஒட்டி வந்தது. அது பெரிய குற்றமில்லை. சிக்கல், ஸ்லாட் வழியாகப் போனதும் 75 வாட்டைத் தாண்டியதுதான். கார்டின் உள்ளே மின்சாரம் வாங்கும் ஆறு பிரிவுகளில் மூன்று ஸ்லாட்டோடும், மூன்று கேபிளோடும் இணைக்கப்பட்டிருந்தன. மொத்தம் ஏறினால் ஸ்லாட்டின் பங்கும் கூடவே ஏறும். ஓவர்க்ளாக் செய்தால் இன்னும் மோசம்.

6 பின் கேபிளில் கொஞ்சம் கூடுதலாகப் போனால் அது தாங்கும். ஸ்லாட் அப்படியில்லை. 12 வோல்ட்டில் அதற்கான வரம்பு 5.5 ஆம்பியர். அந்த மின்சாரம் மதர்போர்டுக்குள் ஓடும் செம்புக் கோடுகள் வழியாக வர வேண்டும். விலை குறைந்த கார்டை வாங்குகிறவர், விலை குறைந்த மதர்போர்டில்தானே மாட்டுவார்? ஏ.எம்.டி. ஒரே வாரம் சொச்சத்தில் 16.7.1 டிரைவரை வெளியிட்டது. ஸ்லாட்டின் சுமையில் ஒரு பகுதி கேபிளுக்கு மாற்றப்பட்டது. மொத்த மின்சாரத்தையே குறைக்க விரும்புவோருக்குத் தனியாக ஒரு தேர்வும் கொடுக்கப்பட்டது. சாஃப்ட்வேரிலேயே முடிந்த தலைவலி அது.

ஓவர்க்ளாக்: இன்னும் ஏதாவது மிச்சமிருக்கா?

2015-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 980 டி.ஐ.யின் அடிப்படை வேகம் 1000 மெகாஹெர்ட்ஸ். வாங்கியவர்கள் அதை 1400 வரை சாதாரணமாக ஏற்றினார்கள். கம்பெனி தாராளமாக இடம் விட்டு வைத்திருந்த காலம் அது.

இப்போது அந்த இடத்தைத் தொழிற்சாலையிலேயே பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். மின்சாரம், சூடு இரண்டையும் பார்த்துக்கொண்டு கார்டே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. 5090-ன் என்விடியா தயாரிப்பில் பவர் லிமிட்டை 104 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதாவது 600 வாட், கனெக்டரின் உச்சவரம்பும் அதேதான். கிடைப்பது சில சதவீதம் கூடுதல் வேகம். கேமில் அது தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இதற்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப ஏறும். வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட, வோல்ட்டேஜையும் 10 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், மின்சாரம் 33 சதவீதம் கூடிவிடும்.

மொத்தம் சரி, பங்கு தப்பு

மீண்டும் அந்த உருகிய கனெக்டருக்கு வருவோம். இதே வகை கனெக்டர் 2022-ல் ஆர்.டி.எக்ஸ். 4090-லும் உருகியது. உலகம் முழுக்க சுமார் 50 புகார்கள் வந்திருப்பதாக அந்த நவம்பரில் சொன்ன என்விடியா, கேபிளை முழுசாகச் செருகாததே பொதுவான காரணம் என்றது. 2023-ல் கனெக்டர் திருத்தப்பட்டது. உள்ளிருக்கும் சிறிய சென்ஸ் பின்கள் குட்டையாக்கப்பட்டன. கேபிள் சரியாக உட்காராவிட்டால் கார்டு மின்சாரமே இழுக்காது என்பது திட்டம்.

5090-ல் இருப்பது இந்தத் திருத்தப்பட்ட கனெக்டர். ஜெர்மனியைச் சேர்ந்த ஓவர்க்ளாக்கர் ரோமன் ஹார்டுங் தன்னிடமிருந்த கார்டில், கம்பி கம்பியாகக் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தார். நம்மூர் எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்லும் அதே கருவிதான். 8 ஆம்பியர் போக வேண்டிய ஒரு கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் போனது. வேறு சில கம்பிகளில் பெயருக்கு இரண்டு மூன்று ஆம்பியர். சில நிமிடங்களிலேயே எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து கனெக்டர் 150 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மின்னோட்டம் இரண்டரை மடங்கானால் சூடு ஆறு மடங்குக்கு மேல் ஏறும்.

இந்த நேரத்தில் சாஃப்ட்வேர் என்ன காட்டும்? வழக்கமான 575 வாட்டைத்தான். மொத்தம் மாறவில்லையே!

ஏன் ஒரே கம்பியில் குவிகிறது? எந்தப் பின்னில் தடை கொஞ்சம் குறைவோ, மின்சாரம் அதைத் தேடிப் போகும். தேய்மானம், லேசான கோணல் போதும். 3090 டி.ஐ. கார்டில் ஆறு பின்களை மூன்று ஜோடிகளாகப் பிரித்து, ஜோடி ஜோடியாகக் கண்காணித்தார்கள். 4090, 5090 கார்டுகளில் ஆறும் உள்ளே போனதுமே ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எந்தக் கம்பி எவ்வளவு சுமக்கிறது என்று கார்டுக்கே தெரியாது. பயனாளர் சரியாகச் செருகவில்லை என்ற விளக்கம் இதை முழுசாக மூடி மறைக்காது. ஆசுஸ் தனது ஆர்.ஓ.ஜி. ஆஸ்ட்ரல் 5090-ல் ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாக அளக்கும் வசதி வைத்திருக்கிறது. ஆனால் அது எச்சரிக்கும், அவ்வளவுதான்; சுமையைச் சமமாகப் பிரித்துக்கொடுக்காது.

குறைத்து ஓட்டினால்?

ஓவர்க்ளாக் ஆர்வலர்களே இப்போது எதிர்த்திசையில் போகிறார்கள். பவர் லிமிட்டை இறக்குவது, அல்லது அண்டர்வோல்ட் செய்வது. 4090-ஐ 70 சதவீத மின்சாரத்தில் ஓட்டிய பல சோதனைகளில், வேகம் பத்து சதவீதம்கூடக் குறையவில்லை. அறை சூடாகாது, ஃபேன் கத்தாது. 575 வாட்டில் தினம் நான்கு மணி நேரம் ஆடினால் 2.3 யூனிட், இரண்டு மாத இ.பி. கணக்கில் கார்டுக்கு மட்டும் 138 யூனிட். அதிலும் மிச்சம் பிடிக்கலாம்.

கனெக்டருக்கும் இது நல்லது. 5090-ஐ 70 சதவீதத்துக்கு இறக்கினால் சுமார் 400 வாட், மொத்தம் 33 ஆம்பியர் சொச்சம், கம்பிக்கு ஐந்தரை ஆம்பியர். ஆனால் சுமை முழுக்க இரண்டே கம்பிகளில் குவிந்தால், அப்போதும் ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியருக்கு மேல் போகும்.