நட்சத்திரம் எண்ணுகிறவர்கள்

உஸ்பெகிஸ்தானத்துப் புகாராவுக்குக் கிளம்பினால் நம்மவர் சொல்லும் முதல் புத்திமதி, "நட்சத்திர ஓட்டலாகப் பார்த்துத் தங்கு" என்பதுதான். எதற்காம்? எந்த ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் கட்டிலையும் கம்பளத்தையும் பார்ப்பதற்கா அவ்வளவு தூரம் போவது?

1620-ல் வெட்டிய லியாபி ஹௌஸ் குளத்தைச் சுற்றியுள்ள சந்துகளில், பழைய வியாபாரிகளின் வீடுகளே விடுதிகளாகியிருக்கின்றன. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். வெந்நீர் வருமா, நம் வரவைச் சர்க்காரில் பதிந்துவிடுவார்களா என்று விசாரித்துக்கொண்டால் போதும்.

நான் தங்கிய வீட்டு அம்மாள், பிடியில்லாத கிண்ணத்தில் பாதிகூட நிரப்பாமல் தேநீர் தந்தாள். கஞ்சத்தனம் என்றே நினைத்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். குறைய ஊற்றினால், திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்து நெடுநேரம் இரு என்று பொருளாம். நிறைய ஊற்றினால், எழுந்து போகலாம்!

தாஷ்கண்ட் நட்சத்திர ஓட்டலில் எனக்குத் தளும்பத் தளும்ப ஊற்றினார்கள்.